வளையம் போட்ட மீனும் என் செருமலும்

செங்கட்டான்குளத்துக் கரையில் இப்போது கேமரா வைத்திருக்கிறார்கள். கம்பத்தின் உச்சியில் கேமரா, அதற்குக் கீழே ஒரு குழாய் ஒலிபெருக்கி. வாளியோடோ குடத்தோடோ பிளாஸ்டிக் பையோடோ யார் படித்துறைக்கு வந்தாலும் கேமரா கண்டுபிடித்துவிடும், குழாய் தானாகப் பேசும். என்ன பேச வேண்டும் என்பதுதான் முடிவாகாமல் இருந்தது. அதற்காக மீன்வளத்துறையின் புது ஆய்வாளர் நிலோபர் மேடம் என்னை வரச் சொல்லியிருந்தார்.

"இருபத்தாறு வருஷம் இந்தக் கரையில நின்னு, வெளி மீனைக் கொண்டாந்து விடுறவங்களத் தடுத்திருக்கீங்க. அவங்ககிட்ட என்ன சொல்லுவீங்களோ அதையே இந்த போன்ல பேசுங்கண்ணே. நான் குழாயில போட்டுர்றேன்" என்றார்.

நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கூச்சப்படாதீங்க. என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொன்னதில்ல மேடம்."

"பின்ன எப்படித் தடுத்தீங்க?"

"செருமுவேன்."

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டார். "புதுசா நாலு காவலர் வந்திருக்காங்க. அவங்க படிக்கிற மாதிரி இதை எழுதிக் குடுங்க" என்றார். எழுதியிருக்கிறேன். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். விஷயத்தைத் திருத்த நான் விடவில்லை.

என் பெயர் சவரிமுத்து. வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீன்குஞ்சு வரும் பைகளைச் சுமந்தேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கண்ணை மூடித் தடவிப் பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு என்னைக் குளத்துக் காவலுக்குப் போட்டார்கள். சித்தையன்கோட்டைப் பக்கம் இருக்கும் அந்தக் குளத்தை நம்பி மீன்பிடிச் சங்கத்தில் நாற்பது குடும்பம் இருக்கிறது. ஐப்பசி மழையில் குளம் நிறைந்ததும் குஞ்சு விடுவோம். அது வளர்ந்து வலையில் ஏறினால்தான் அந்த நாற்பது வீட்டிலும் அடுப்பு எரியும்.

இதற்கு எமன் ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம் நாட்டுக் கெளுத்தி போல மீசை வைத்திருக்கும், ஆனால் குணம் வேறு. தலை கடப்பாறையால் தட்டிய தகரம் போலத் தட்டையாக இருக்கும். குஞ்சு, முட்டை, தவளை, கோழிக் குடல் எல்லாம் தின்னும். தண்ணீருக்கு வெளியே காற்றைக் குடித்து மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரம் இருந்தால் தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும். வளர்க்கத் தடை இருந்தாலும், சந்தையில் உயிரோடு துள்ளும் பெரிய மீன் வேண்டுமென்றால் கேட்டவருக்குக் கிடைக்கும். நான் குளத்தைக் காத்தது இந்த மீனிடமிருந்துதான். வீட்டுத் தொட்டியில் பாசி தின்பதற்காக வளர்த்து, வீடு மாறும்போது கொன்றால் பாவம் என்று குளத்தில் கொட்டும் முள்மீன்களும் உண்டு. அந்தக் கதையைத் தொட்டால் இந்தக் கட்டுரை முடியாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஆய்வாளர் கதிரேசன் ஐயா. ஒட்டன்சத்திரத்துக்காரர். எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவார். எல்லாரும் என்றால் மீனும் சேர்த்துத்தான். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோல் இருக்கும், இரும்பில் செய்தது. அளக்காமல் அவர் எதையும் நம்பியதில்லை. ஒருமுறை என் வீட்டில் சாப்பிட வந்தவர், குழம்பில் கிடந்த மீன் துண்டின் மேல் அந்தக் கோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது முக்கால் கிலோ மீனோட துண்டுங்க" என்று என் மனைவியிடம் சொன்னார். ஒரு கிலோ மீன் என்று சொன்னதை நம்பி அவள் வாங்கி வந்தது. அன்றைக்கே மீன்காரியிடம் சண்டைக்குப் போனாள்.

பிடிபட்ட கெளுத்தியை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். நீளம் அளக்க வேண்டும். எடை போட வேண்டும். அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். குழி வெட்டிப் புதைத்து, பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். நான் பிடித்த முதல் மீனை அப்படித்தான் முழங்கால் ஆழக் குழியில் புதைத்தோம். அன்று சாயங்காலம் மழை. மறுநாள் காலை அலுவலகத்தைத் திறக்கப் போனால், அறிவிப்புப் பலகையின் கீழ் ஒரு கெளுத்தி வாயை மூடித் திறந்துகொண்டு கிடந்தது.

ஐயா வந்தார். குனிந்து அளந்தார். பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க சவரிமுத்து, இவரு நேத்து நம்ம அழிச்சவருங்க."

நான் செருமினேன்.

"ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டாச்சுங்க. அதுக்கப்புறம் இவரு உயிரோட இருக்கிறது முறையில்லீங்களே."

'அழிக்கப்பட்ட மீன் அலுவலகத்துக்கு நடந்து வந்தது குறித்து' என்று மேலிடத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நான் மேலிடமாக இருந்திருந்தாலும் பதில் எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு குழி இடுப்பளவு என்று ஆனது, மேலே சுண்ணாம்பு. அதற்கு முன் மீனின் செவுளில் வைக்கோலை நுழைத்து ஐந்து நிமிடம் பார்ப்பார். "செத்துட்டாருங்களா, நடிக்கிறாருங்களா?" என்று என்னைக் கேட்பார். புதுக் காவலர்களுக்குச் சொல்கிறேன், இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி செருமல். எனக்குச் சிறுவயதிலிருந்தே அறிமுகமில்லாதவர்களிடம் பேச வராது. பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்க வாய் வராமல் இறங்கிப் போனவன். கரையில் யாராவது வாளியோடு வந்தால் நான் பத்தடி தள்ளி நின்று தொண்டையைச் செருமுவேன். 'யாரோ பார்க்கிறார்கள்' என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும். முக்கால்வாசிப் பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு, துணி துவைக்க வந்தவர்கள் போலத் திரும்பிப் போவார்கள். இரண்டாவது செருமல் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதற்கும் நின்றவர்கள் குறைவு.

ஒரு வருடம், சனிக்கிழமைகளில் கூட்டம் வரத் தொடங்கியது. வத்தலக்குண்டில் ஒரு ஜோசியர், சனி தோஷம் உள்ளவர்கள் உயிருள்ள கறுப்பு மீன் ஒன்றை ஓடாத தண்ணீரில் விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவர் நாட்டு மீனை நினைத்துச் சொன்னாரோ என்னவோ. சந்தையில் கறுப்பாகவும் சாகாமலும் கிடைப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றுதான். ஒட்டன்சத்திரத்திலிருந்துகூட ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தார்கள்.

நான் செருமினால், "பரிகாரம்ங்க" என்பார்கள். நான் மறுபடி செருமுவேன். "சனி பகவான் கோவிச்சுக்குவாருப்பா, நீ பதில் சொல்லுவியா?" என்று ஒரு அம்மா கேட்டார். சனி பகவானைப் பற்றி கிறிஸ்தவ வேதக்காரனான நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் வீட்டிலும் வேண்டுதலுக்கு ஏற்றபடி மெழுகுவத்தியின் உயரம் மாறும். அவர்கள் நம்பிக்கையை நான் குறைவாக நினைத்ததில்லை. மீனை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வேன். சாக்கைப் பிடித்துக்கொண்டு செருமியபடியே நிற்பேன். கடைசியில் அவர்கள் சாக்கை விட்டுவிட்டுக் குளத்தை மூன்று முறை கும்பிட்டுப் போய்விடுவார்கள். எல்லாரையும் தடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சுப்பையா வந்தார். திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, இடுப்பில் பித்தளைக் குடம். படித்துறையில் இறங்கியதும் நான் செருமினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அப்பு, இருமலா?"

நான் நீளமாகச் செருமினேன்.

"அடடா, நெஞ்சுச் சளியில்ல. வெங்காயத்தூசியில எனக்கும் இப்படித்தேன் வரும். இந்தா, மிளகு மிட்டாய். வாயில போட்டு அடக்கிக்க."

அவர் சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினார். யாராவது எதையாவது நீட்டினால் வாங்காமலிருக்க எனக்குத் தெரியாது. நான் மிட்டாயை வாங்குவதற்குள் அவர் இடது கையால் குடத்தைச் சாய்த்துவிட்டார். கறுப்பாக ஒரு கை நீளத்தில் வழுக்கிக்கொண்டு போனது. முதுகுத் துடுப்பில் பளிச்சென்று ஒரு வெள்ளி வளையம்.

இருபத்தாறு வருடத்தில் என் கண் முன்னால் குளத்துக்குள் போன ஒரே மீன் அதுதான். வாயில் மிட்டாயோடு நின்றேன்.

அவரே சொன்னார். மகளுக்கு மூன்று தடவை கரு தங்கவில்லை. இப்போது நான்காவது, ஐந்து மாதம் முடியப் போகிறது. கார்த்திகையில் நாள் குறித்திருக்கிறார்கள். விட்ட மீன் பிள்ளை பிறக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். எது தன் மீன் என்று தெரிய வேண்டுமே என்று ஆசாரியை வீட்டுக்கு வரவழைத்து, குழந்தைக்குக் காது குத்தப் போடும் வளையத்தை மீனின் துடுப்பில் குத்த வைத்திருக்கிறார்.

"எனக்கு இதுல அம்புட்டு நம்பிக்கை இல்ல அப்பு. ஆனா நம்பாம இருக்கத் தைரியம் இல்ல" என்றார்.

கதிரேசன் ஐயாவிடம் போய் நின்றேன். அன்று நான் செருமிய செருமலில் ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லாக என் வாயிலிருந்து பிடுங்கி எழுதிக்கொண்டார்.

"ஒத்தைங்களா, சோடிங்களா?"

"நான் பார்த்தது ஒண்ணுங்கய்யா."

"பார்க்காதது எத்தனைன்னு தெரியாதுங்கள்ல. உள்ள இன்னொருத்தரு இருந்தாருன்னா, ஐப்பசி மழையில முட்டை வைப்பாங்க. நம்ம அதே மழையிலதான் குஞ்சு விடறமுங்க. நாப்பது வீட்டுக் குஞ்சும் இவங்களுக்குப் பலகாரமுங்க. மழைக்கு முன்ன புடிச்சே ஆகோணும்."

ஆக எங்களுக்கு இரண்டரை மாதம். வலை இழுத்தோம். கெளுத்தி சேற்றுக்குள் புதைந்துகொண்டது. வலையில் ஒரு செருப்பும் பால் கேனும் வந்தன. ஐயா செருப்பையும் அளந்தார். பிறகு தெற்குக் கரையில் நீளக் கயிறு கட்டி, நூறு தூண்டிலில் கோழிக் குடல் கோத்துப் போட்டோம். கெளுத்திக்கு அதைவிடப் பிடித்தது உலகத்தில் இல்லை. ஒன்றும் கடிக்கவில்லை.

காரணம் நான்காம் நாள் தெரிந்தது. வடக்குக் கரையில் சுப்பையா ஒரு வாளிக் கோழிக் குடலோடு உட்கார்ந்திருந்தார். தினமும் மண்டியை மதியம் பூட்டிவிட்டு வந்து, மீன் வயிறு நிறையும்வரை போட்டுவிட்டுப் போகிறார். வயிறு நிறைந்த மீன் எங்கள் தூண்டிலைத் திரும்பிப் பார்க்குமா?

"ஏலே சவரி, நீ புடிக்கிறது உன் வேலை. நான் போடுறது என் வேலை. கோவம் இல்லையில்ல?" என்று அக்கரையிலிருந்து கேட்டார். குளம் வற்றிக் குறுகியிருந்ததால் நன்றாகக் கேட்டது. நான் இல்லை என்று தலையாட்டினேன். உண்மையாகவே கோபம் வரவில்லை. என் மகள் பிறந்தபோது மூன்று நாள் நான் கோயில் வாசலிலேயே கிடந்தவன்.

நாங்கள் தூண்டிலைக் கூட்டினோம். அவர் வாளியைக் கூட்டினார். ஐயா நூற்றைம்பது தூண்டில் போட்டால், அவர் கோழிக் குடலோடு ஈரலையும் சேர்த்தார். திண்டுக்கல் கோழிக் கடைகளில் குடல் கிடைக்காமல் போய், இரண்டு தரப்பும் ஒரே கடையில் வரிசையில் நிற்க வேண்டி வந்தது. ஒருநாள் எனக்குப் பின்னால் நின்றவர், "நீ முதல்ல வாங்கிக்க அப்பு, டூட்டிக்கு நேரமாகும்" என்று விட்டுக்கொடுத்தார். மீன் மட்டும் கொழுத்துக்கொண்டே போனது. புரட்டாசியில் அது அவர் கைக்கே வந்து தின்னும் அளவுக்குப் பழகிவிட்டது. அவர் குனிந்து தண்ணீரைத் தட்டினால் வளையம் பளபளவென்று மேலே வரும். நான் அக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அமிழ்ந்துவிடும்.

மழைக்கு மூன்று வாரம் இருந்தது. டீக்கடையில் ஒருவர், சித்தையன்கோட்டைக்காரர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குளத்துல ஒரு மீனு மூக்குத்தி போட்டுத் திரியுதாமே. தங்கமாமே?"

அது தங்கமில்லை, வெள்ளி, மூக்குத்தியில்லை, துடுப்பில் வளையம் என்று சொல்ல வேண்டும். அதற்கு நான்கைந்து சொற்கள் தேவைப்பட்டன. அவர் முகம் தெரியாதவர். நான் செருமினேன்.

"அப்ப சரிதேன்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை குளத்தில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் கூடை, கொசுவலை, சேலை, குடை எல்லாவற்றோடும் இறங்கியிருந்தார்கள். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் ஆட்டைக் கரையில் கட்டிவிட்டு உள்ளே நின்றார். ஒருவர் கையில் மீன் குத்தும் ஈட்டி. "தங்கம் எம்புட்டு பவுன்?" என்று என்னைத்தான் எல்லாரும் கேட்டார்கள். செருமக்கூடப் பயமாக இருந்தது.

நான் ஐயாவுக்குப் போன் செய்தேன். அவர் வந்து, கரையில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். துரத்துவார் என்று நினைத்தேன். அவர் ஒரு மேசையைக் கொண்டுவரச் சொன்னார்.

"கெளுத்தி மட்டும் மேசைக்கு வரோணும்ங்க. வேற மீன் எல்லாம் திரும்பத் தண்ணிக்குப் போகோணும். வளையம் இருக்குதான்னு நானே பார்த்துச் சொல்றனுங்க" என்று அறிவித்தார்.

சாயங்காலத்துக்குள் பதினொரு கெளுத்திகள் வந்துவிட்டன. எந்தத் துடுப்பிலும் வளையம் இல்லை. எல்லாம் நான் தடுத்துவிட்டதாக நினைத்த சனிக்கிழமைகளில், நான் மதியம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் உள்ளே போனவை. ஒவ்வொன்றாக அளக்கும்போது ஐயாவின் முகத்தில் பெருமை. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. என் செருமல் காத்த குளத்தின் லட்சணம் மேசைமேல் வரிசையாகக் கிடந்து வாயைத் திறந்தது.

இரண்டாம் நாள் ஈட்டிக்காரர்கள் ஐந்து பேர் ஆனார்கள். சுப்பையா வடக்குக் கரையில் வாளியோடு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு ஈட்டி அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு அருகே பாய்ந்து சேற்றில் நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, பித்தளைக் குடத்தோடு தண்ணீரில் இறங்கினார். குனிந்து மூன்று முறை தண்ணீரைத் தட்டினார். அத்தனை கூச்சலுக்கு நடுவில் அது அவர் கைக்கு வந்தது. குடத்தில் ஏந்தி, மேலே துண்டைப் போட்டு மூடி, கரையைச் சுற்றி நடந்து என்னிடம் வந்தார். இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு.

"முந்நூறு பேருகிட்ட இருந்து என்னால காப்பாத்த முடியாது. நீ ஒருத்தன். உன்னை நம்பித் தாரேன். கார்த்திகை வரைக்கும் உசுரோட வச்சிரு, அப்பு."

நான் குடத்தை வாங்கிக்கொண்டேன். சொன்னேனே, நீட்டினால் வாங்காமலிருக்கத் தெரியாது.

கதிரேசன் ஐயா அலுவலகத்தின் பின்னால் பதினொரு மீனுக்கும் இடுப்பளவு குழி வெட்டி வைத்திருந்தார். சுண்ணாம்பு மூட்டை பிரிந்திருந்தது. குடத்தை எட்டிப் பார்த்து, அடிக்கோலை எடுத்தார். "பன்னெண்டாவது ஆளுங்களா? வாங்க வாங்க" என்றார். சுப்பையா வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

நான் செருமினேன்.

ஐயா நிமிர்ந்தார். "ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

மறுபடி செருமினேன்.

"சவரிமுத்து, செருமலைப் பதிவேட்டுல ஏத்த முடியாதுங்க. வாயைத் தொறந்து சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த வேலையில் நான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பிள்ளை பொறக்கட்டும்ங்கய்யா."

ஐயா வேலிப் பக்கம் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். மீனை எடுத்து மறுபடி அளந்தார், மூன்று முறை. பிறகு எழுதினார்: 'பன்னிரண்டாவது மீனின் இனம் குறித்து ஐயம் உள்ளது. ஐயம் தீரும் வரை உயிருடன் வைக்கப்படும்.' இருபதடி தள்ளி நின்று பார்த்தாலே இனம் சொல்லும் மனிதர் அவர். அவர் எழுதிய ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

மழைத்தண்ணீர் தேங்காத மேட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. மேலே இரும்பு வலைக் கதவு, அதற்குத் திண்டுக்கல் பூட்டு. சாவி இரண்டு, ஐயாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. ஐப்பசியில் மழை கொட்டியது. நாற்பது வீட்டுக் குஞ்சுகளும் குளத்துக்குள் போயின. கார்த்திகை கடைசியில் சுப்பையா அல்வாப் பொட்டலத்தோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார். பேத்தி. அவரால் உட்கார முடியவில்லை, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஐயா அல்வாவைத் தின்று முடித்துக் கையைத் துடைத்தார். "சந்தோசமுங்க. அப்ப, ஐயம் தீர்ந்துருச்சுங்களே" என்று அடிக்கோலைத் தொட்டார்.

"பேரு வைக்கட்டும் சார்" என்றார் சுப்பையா.

பெயர் வைத்தார்கள். "மொட்டை போடட்டும் சார்." மொட்டை போட்டார்கள். "காது குத்து வரைக்கும்." காது குத்தினார்கள். "நடக்க ஆரம்பிச்சிரட்டும், விழுந்து எந்திரிக்கிற வயசு பாருங்க." ஒவ்வொரு தடவையும் ஐயா பதிவேட்டில் 'ஐயம் நீடிக்கிறது' என்று எழுதினார். அவர் ஓய்வு பெற்ற அன்று, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் மேசை இரண்டு, நாற்காலி நான்கு, வலை ஆறு என்று எழுதி, கடைசியில் 'ஐயத்துக்குரிய மீன், உயிருடன், ஒன்று' என்று சேர்த்தார். அடுத்து வந்த ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் செருமினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு அடுத்தவரும் போட்டார். ஐயா போகும்போது சாவியையும் அடிக்கோலையும் என் கையில் கொடுத்து, "வாரம் ஒருக்கா அளந்துருங்க" என்றார்.

அளந்தேன். தீனியும் போட்டேன். கதவைத் திறக்கும் முன் வழக்கப்படி தொண்டையைச் செருமுவேன். கொஞ்ச காலத்தில், செருமினாலே அது மேலே வந்து வாயைத் திறக்கும். மனிதர்கள் கேட்டு ஓடிய சத்தத்துக்கு இந்த உலகத்தில் பக்கத்தில் வந்தது அது ஒன்றுதான். குளத்தில் அடுத்த இரண்டு வருடங்களில் மூன்று கெளுத்திகள் அகப்பட்டன. அதன் பிறகு வலையில் ஒன்றும் வரவில்லை. வத்தலக்குண்டு ஜோசியர் எள் தீபத்துக்கு மாறிவிட்டதாகக் கேள்வி. நானும் மதியச் சாப்பாட்டைச் சனிக்கிழமைகளில் கரையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஒன்பது வருடம் அப்படிப் போனது. முழங்கால் மடங்க மறுத்ததால் ஐம்பத்தைந்தாவது வயதிலேயே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசி மாதத்தில் ஒரு காலை, தொட்டியருகே போய்ச் செருமினேன். வரவில்லை. இரண்டாவது, நீளமாகச் செருமினேன். அடியிலேயே கிடந்தது. எடுத்து, செவுளில் வைக்கோலை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தேன். நடிக்கவில்லை. அளந்தேன். வளையத்தைக் கழற்றிக்கொண்டேன். இடுப்பளவு குழி, சுண்ணாம்பு, இரண்டு சாட்சி. பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'தானாக' என்று எழுதினேன்.

வளையத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். மண்டியில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சுப்பையா உடம்பு இளைத்து, கண்ணாடி போட்டு, நாற்காலியில் இருந்தார். சேர்த்த சொற்கள் ஒன்றும் இல்லை. எதிரே நின்று செருமினேன்.

"வா சவரி. இன்னும் அந்தச் சளி விடலையா?" கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. பாதியில் நின்றது. நான் காகிதத்தை மேசைமேல் வைத்தேன். அவர் பிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்தார்.

"எப்ப?"

"காலையில."

அவர் போனை எடுத்து மகளுக்குப் போட்டார். "ஏத்தா, பிள்ளை எங்க? பள்ளிக்கூடமா... காலையில சாப்டாளா? ... காய்ச்சல் கீய்ச்சல்? ... ஒண்ணுமில்ல, சும்மாதேன் கேட்டேன். என்னது, கணக்குப் பரீட்சையில முட்டையா? சரி சரி." வைத்துவிட்டார்.

"நல்லாத்தேன் இருக்கா."

நான் தலையாட்டினேன்.

"ஆழமாப் புதைச்சியா? திரும்ப நடந்து வந்துராதுல்ல?"

"இடுப்பளவுங்க. சுண்ணாம்பும் போட்டாச்சு."

"அப்ப சரி" என்று சொல்லி, மிட்டாயை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்த பிறகும் நிலோபர் மேடம் விடவில்லை, அதனால் இதைப் பின்னால் சேர்க்கிறேன். அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து, 'இந்தக் குளத்தில் வெளி மீன்களை விடுவது குற்றம்' என்று படிக்கச் சொன்னார். நான் போனுக்கு முன்னால் நின்று, படிப்பதற்கு முன் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "போதும்ணே" என்றார்.

இப்போது கரையில் யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் குழாய் செருமுகிறது. நிற்காவிட்டால் இரண்டாவது தடவை, கொஞ்சம் நீளமாக. போன சனிக்கிழமை சுப்பையா மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு, காலாற நடக்கலாம் என்று வந்திருக்கிறார். கேமராவில் பதிவான அந்த வீடியோவை மேடம் என்னிடம் போட்டுக் காட்டினார். கம்பத்துக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, தூக்குவாளியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுகிறார். "தயிர்ச்சோறு தின்ன வாளிதேன் சவரி, வெறும் வாளி" என்கிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மிளகு மிட்டாயை எடுத்துக் கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுப் போகிறார்.